வீட்டு இணையத்திற்குக் கதவு வேண்டும், ஒற்றன் வேண்டாம்



2025ஆம் ஆண்டு ரமளானில் ஒரு நாள் மாலை. வேங்கிக்காலில் உள்ள நம் வீட்டில் நோன்பு திறக்கச் சில நிமிடங்களே இருந்தன. பேரீச்சம்பழமும் கஞ்சியும் எடுத்து வைத்தாயிற்று. பாங்கு நேரத்தைச் சரிபார்க்க மகள் தன் தாயாரின் கைப்பேசியில் தொழுகை நேரச் செயலியைத் திறந்தாள். நேரம் வரவில்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு ரம்மி விளம்பரம் வந்தது. அரைகுறை உடையில் ஒரு பெண். காசுகள் கொட்டும் ஓசை. மூடுவதற்கான குறியோ கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு மூலையில். கடைக்குட்டி எட்டிப் பார்த்து, “அத்தா, இது நோன்பு திறக்கிற நேரம் காட்டுற ஆப்தானே?” என்று கேட்டான்.

அந்தச் செயலியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் செயலிகளுள் பெரும்பாலானவற்றின் நிலை இதுதான். நம்மை உறுத்தியது வேறொன்று. மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு அனுமதி கோருவதன் ஒழுக்கத்தை ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். பிறர் வீட்டிற்குள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் கூற வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தரும் கட்டளை. அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அப்படியிருக்க, எவரையும் கேளாமல் நம் வீட்டின் நடுக்கூடத்தில், அதுவும் நோன்பாளிகளின் கண்முன், ஒருவன் சூதாட்டக் கடை விரித்துவிட்டுப் போகிறான்.

நம் ஊர் கடைகளுக்குப் பழகிய ஊர். பௌர்ணமி தோறும் கிரிவலத்திற்கு வரும் பெருங்கூட்டத்தை நம்பி எத்தனையோ எளிய குடும்பங்கள் சாலையோரத்தில் கடை போடுகின்றன. கூவி விற்பது அவர்களுடைய உரிமை. வேண்டியவர் வாங்குகிறார், வேண்டாதவர் கடந்து போகிறார். ஆனால் அவர்களுள் எவரும் நம் சமையலறைக்குள் வந்து நின்று கூவியதில்லை. பிள்ளைகள் எங்கே போகிறார்கள், எதைப் பார்க்கிறார்கள் என்று பின்தொடர்ந்து குறிப்பெடுத்ததுமில்லை. இணைய விளம்பரம் இவ்விரண்டையும் செய்கிறது. வீட்டிற்குக் கதவு இருப்பதைப் போல வீட்டு இணையத்திற்கும் ஒரு கதவு வேண்டும் என்று அன்று தோன்றியது.

கதவு எவ்வாறு இயங்குகிறது?

பெருநாளுக்கு ஊர் வந்திருந்த நம் பழைய மாணவர் ஒருவர் சென்னையில் கணினித் துறையில் பணியாற்றுகிறார். நம் ஆதங்கத்தைக் கேட்டவர், “ஹஜ்ரத், வீட்ல பழைய லேப்டாப் ஏதாவது கிடக்குதா?” என்றார். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பயன்படுத்திய மடிக்கணினி ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. மின்கலம் செத்துப்போயிருந்தாலும் கணினி இயங்கியது. ஒரு பிற்பகலில் அதை அவர் வீட்டின் காவலாளியாக மாற்றித் தந்தார்.

அவர் விளக்கியதை, கணினி அறியாதவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறோம். இணையத்தில் ஒவ்வொரு தளத்திற்கும் எண்களால் ஆன ஒரு முகவரி உண்டு. அந்த எண்களை நாம் நினைவில் வைப்பதில்லை. பெயரைத்தான் தட்டச்சு செய்கிறோம். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் வகுத்த இந்த ஏற்பாட்டின்மீதுதான் இன்றும் இணையம் நிற்கிறது. ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது கைப்பேசி அந்தத் தளத்தின் முகவரியை மட்டும் கேட்பதில்லை. அந்தப் பக்கத்தில் விளம்பரம் தருவோர், வாசகரைப் பின்தொடர்ந்து கணக்கெடுப்போர் எனப் பல நிறுவனங்களின் முகவரிகளையும் நமக்குத் தெரியாமலே அடுத்தடுத்துக் கேட்கிறது.

வழக்கமாக இக்கேள்விகள் இணைய இணைப்பு தரும் நிறுவனத்திற்குச் செல்லும். அவ்வாறு செல்லுமுன் வீட்டிலுள்ள ஒரு சிறு கணினி அவற்றைப் பெற்றுக்கொண்டால் என்ன? அதனிடம் விளம்பர, வேவுத் தளங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருக்கும். கேட்கப்படும் பெயர் பட்டியலில் இல்லையென்றால் சரியான முகவரியைப் பெற்றுத் தரும். பட்டியலில் இருந்தால், எங்கும் கொண்டுசேர்க்காத வெற்று முகவரியைத் தந்துவிடும். விளம்பரம் வந்து சேர வழியே இருக்காது. ஒவ்வொரு கைப்பேசியிலும் தனித்தனியே எதையும் நிறுவ வேண்டியதில்லை. வீட்டு வை-ஃபையில் இணையும் கைப்பேசி, தொலைக்காட்சி, விருந்தாளியின் கருவி ஆகிய அனைத்திற்கும் இந்த ஒரு கதவே போதும்.

இதற்கெனக் கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2014இல் ஜேக்கப் சல்மேலா என்பவர் தொடங்கிய பை-ஹோல் அவற்றுள் புகழ்பெற்றது. 2018இல் வெளிவந்த அட்கார்ட் ஹோம் மற்றொன்று. நம் வீட்டில் இருப்பது இரண்டாவது. பழைய கணினி இல்லாதவர்கள் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியைப் பயன்படுத்தலாம். அது இரவும் பகலும் இயங்கினாலும் ஒரு சிறு இரவு விளக்கின் அளவே மின்சாரம் செலவாகும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. காவலாகும் கணினிக்கு ரூட்டரில் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். பின்னர், வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் பெயர்களை அந்த முகவரியிலேயே கேட்க வேண்டும் என்று ரூட்டரில் அமைக்க வேண்டும். அங்கே இரண்டாவது முகவரிக்கும் ஓர் இடம் இருக்கும். முன்னெச்சரிக்கை என்றெண்ணி அதில் வெளியார் முகவரியை நிரப்பிவிட்டால், கருவிகள் அவ்வழியாகவும் கேட்கத் தொடங்கும். முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதையாகும். இணைப்பு நிறுவனங்கள் தரும் ரூட்டர்களுள் சில இந்த அமைப்பை மாற்ற விடுவதில்லை. அப்போது ஒவ்வொரு கருவியிலும் தனியே மாற்ற வேண்டியிருக்கும். பட்டியல்களுள் ஸ்டீவன் பிளாக் என்பவர் தொகுத்துவரும் பட்டியல் பலராலும் பயன்படுத்தப்படுவது. சூதாட்டத் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும் பிரிவுகளும் அதில் உண்டு.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். யூடியூப் காணொளிக்கு இடையில் வரும் விளம்பரத்தை இது தடுக்காது; காணொளியும் விளம்பரமும் ஒரே முகவரியிலிருந்து வருவதால் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் நிறுத்த இயலாது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் ஆகியவற்றின் உள்ளே வருவனவும் அப்படியே. கைப்பேசியில் வை-ஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவைப் பயன்படுத்தினால் இந்தக் கதவு வழியில் இல்லை. உலாவிகளும் கைப்பேசிகளும் பெயர்களை மறைகுறியாக்கி வெளியே நேரடியாகக் கேட்கும் வசதியைக் கொண்டுள்ளன. அது இயக்கத்தில் இருந்தாலும் காவல் பயன்படாது. சில வேளைகளில் தேவையான தளமும் தவறாகத் தடுக்கப்படும். அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

காவலாளி உறங்கினால் வீடே நின்றுவிடும் என்பதையும் பட்டறிந்தோம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்ட ஒரு நாளில், மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் எழுந்துகொண்டது. மின்கலம் செத்த மடிக்கணினி எழவில்லை. நாமோ மத்ரஸாவில் இருந்தோம். கல்லூரி விண்ணப்பத்தைப் பாதியில் விட்டு மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதன்பின், மின்சாரம் வந்தவுடன் கணினி தானாக இயங்கும்படி அமைத்ததோடு, காவலைத் தற்காலிகமாக நீக்கும் முறையை வீட்டார் அனைவருக்கும் எழுதி ஒட்டிவைத்தோம்.

இவ்வளவு பாடு தேவையா?

ஆபாசப் படம் வந்தால் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாமே, இத்தனை ஏற்பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பார்வையைத் தாழ்த்துவது நம் கடமைதான். ஆயினும் நாம் விளம்பரத்தைப் பார்க்காதபோதும் அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை அறிய வேண்டும்.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023இல் ஈட்டிய வருவாய் 30,700 கோடி டாலருக்கும் மேல். அதில் ஏறத்தாழ 23,800 கோடி டாலர் விளம்பரத்தால் வந்தது. யாருக்கு எதைக் காட்டினால் வாங்குவார் என்று அறிந்துகொள்வதில்தான் இத்தொழிலின் வலிமை இருக்கிறது. அதற்காக நம் இருப்பிடம், விருப்பம், பழக்கம் யாவும் திரட்டப்படுகின்றன.

இது முஸ்லிம்களை எவ்வாறு தொட்டது என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்லலாம். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கிய முஸ்லிம் ப்ரோ என்னும் தொழுகை நேரச் செயலி, தன் பயனர்களின் இருப்பிடத் தரவை எக்ஸ்-மோட் என்னும் தரவு வணிக நிறுவனத்திற்கு அனுப்பிவந்ததை 2020 நவம்பரில் அமெரிக்காவின் வைஸ் இதழ் வெளிப்படுத்தியது. எக்ஸ்-மோடின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்தனர். செய்தி வெளியானதும், தரவு பெறும் நிறுவனங்களுடனான உறவை முறித்துக்கொள்வதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், வழிபாட்டிடங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்குச் சென்றுவந்ததைக் காட்டும் தரவை எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும் விற்கக் கூடாது என்று தடைவிதித்தது. கிப்லாவை அறியத் திறந்த செயலி, நாம் எந்தப் பள்ளிவாசலில் எப்போது நின்றோம் என்பதை விலைபேசக்கூடும் என்பது எவ்வளவு வேதனையான செய்தி!

நம் நாட்டிலும் சட்டம் விழித்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எனினும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சூதாட்டத்தின் கதையும் அப்படியே. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் மதுவோடு சேர்த்து விலக்கிய சூதாட்டம் பல தமிழ்க் குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது, உயிர்களையும் பறித்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச்சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த விளையாட்டுகள், அவற்றின்மீதான தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் 2025 ரமளானில் நம் வீட்டுத் திரையில் ரம்மி அவ்வளவு துணிவாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடைசெய்து சட்டம் இயற்றியது. விளம்பரம் செய்வோர்க்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். சட்டம் வீதிக்கு விளக்கேற்றினாலும் வீட்டுக் கதவை நாம்தானே சாத்த வேண்டும்?

நாம் செய்த தவறு

இனிச் சொல்லப்போவதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கதவில் நிற்கும் கணினி மற்றொரு வேலையையும் செய்கிறது. எந்தக் கருவி, எந்த நேரத்தில், எந்தப் பெயரைக் கேட்டது என்று ஒன்றுவிடாமல் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. நிறுவியவர் விரும்பினால் அதைத் திறந்து பார்க்கலாம். தொடக்கத்தில் நாமும் ஆர்வத்தோடு பார்த்துவந்தோம்.

அந்தக் கோடையில், பள்ளி விடுமுறையும் ஐ.பி.எல். ஆட்டங்களுமாக இருந்த மே மாதத்தில் ஒரு நாள் தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது பதிவேட்டைத் திறந்தோம். பதினைந்து வயது மகனின் கைப்பேசியிலிருந்து நள்ளிரவு தாண்டியும் ஒரு பந்தயத் தளத்திற்கு வரிவரியாகக் கேள்விகள் சென்றிருந்தன. கண்கள் இருண்டன. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து வந்ததும், தாயும் அக்காளும் தம்பியும் பார்த்திருக்க அவனை நிற்கவைத்துக் கேட்டோம். “நான் விளையாடல அத்தா. ஸ்கோர் மட்டும்தான் பார்த்தேன்” என்றான். பதிவேடு கையில் இருக்கும்போது பொய் வேறா என்று சினந்தோம். சொல்லக்கூடாத சொற்களைச் சொன்னோம். கைப்பேசியைப் பறித்து அலமாரியில் வைத்தோம். அதன்பின் அவன் நம்மோடு ஒரே ஸஹனில் அமர்ந்து உண்ணவில்லை. பள்ளிவாசலிலும் நம்மருகில் நிற்காமல் கடைசி ஸஃப்பில் போய் நின்றான்.

ஐந்து நாள் கழித்து அந்த மாணவர் வேறு காரியமாகத் தொலைபேசியில் அழைத்தார். மனம் பொறுக்காமல் நடந்ததைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “ஹஜ்ரத், அது அவர் போனதாக ஆகாது. ஆப் கேட்டிருக்கும்” என்றார்.

பதிவேட்டில் உள்ளது ஒரு கருவி ஒரு பெயரைக் கேட்டது என்பது மட்டுமே. கேட்டவர் மனிதரா, கைப்பேசியில் தானாக இயங்கும் செயலியா என்பதை அது சொல்லாது. கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டங்களைக் காட்டும் செயலி, பந்தய விளம்பரத்தைக் கொண்டுவர முயன்றிருக்கிறது. நம் காவல் அதைத் தடுத்திருக்கிறது. தடுக்கப்பட்டதால் செயலி மறுபடியும் மறுபடியும் கேட்டிருக்கிறது. பிள்ளை உறங்கிய பின்னும் அது கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த வரிகள் ஒவ்வொன்றின் எதிரிலும் “தடுக்கப்பட்டது” என்றே எழுதியிருந்தது. நாம்தான் அதை அவனுக்கு எதிரான சாட்சியாகப் படித்தோம். அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்து அச்செயலியைத் திறந்துவிட்டுக் கீழே வைத்தோம். எவரும் தொடாமலே பதிவேட்டில் அதே வரிகள் ஓடத் தொடங்கின.

எவர் முன்னிலையில் அவனைக் குற்றவாளியாக நிறுத்தினோமோ அவர்கள் முன்னிலையிலேயே மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். தலையைக் குனிந்தபடி, “பரவாயில்ல அத்தா” என்றான். சிறிது நேரம் கழித்து, “முதல்ல என்கிட்ட கேட்டிருக்கலாம்” என்றான். இருபது ஆண்டுகளாக ஹுஜுராத் அத்தியாயத்தைப் பிறர் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நமக்கு அன்று அதை ஓதிக்கொடுத்தவன் நம் மகன்.

மார்க்கம் வரைந்த எல்லை

அந்த அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. அடுத்துப் புறம் பேசுவதை விலக்குகிறது. இந்த வரிசையை நோக்குங்கள். நம் தவறும் அவ்வாறே படிப்படியாக நடந்தது. துருவினோம், அதிலிருந்து தீய எண்ணம் பிறந்தது, பின்னர் பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையின் மானத்தைப் பறித்தோம். மக்களின் மறைவான குறைகளைத் தேடிச் சென்றால் அவர்களைச் சீரழித்தவராவீர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக முஆவியா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி சுனன் அபூதாவூதில் உள்ளது. இடையறாது சந்தேகிக்கப்படும் பிள்ளை, ஒருநாள் அந்தச் சந்தேகத்திற்கு உரியவனாகவே மாறிவிடுகிறான் என்பதை மத்ரஸாவிலும் கண்டிருக்கிறோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீனில் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்வை எடுத்துரைக்கிறார்கள். உமர் (ரலி) அவர்கள் ஒருவரின் வீட்டுச் சுவரேறிப் பார்த்தபோது அவர் பாவத்தில் இருந்தார். கண்டித்தபோது அம்மனிதர், தாம் இறைவனுக்கு ஒரு வகையில் மாறுசெய்ததாகவும், கலீஃபாவோ மூன்று வகையில் மாறுசெய்ததாகவும் கூறினார்: துருவிப் பார்த்தது, வாசல் வழியே வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. கலீஃபா அதை ஏற்றுக்கொண்டு, பாவமன்னிப்புத் தேடும்படி கூறித் திரும்பிவிட்டார்கள். அங்கே பாவம் உண்மையாகவே இருந்தது. ஆட்சியாளருக்குப் பொறுப்பும் இருந்தது. அப்படியிருந்தும் சுவரேறியது சரியாகிவிடவில்லை. நாமோ பாவமே இல்லாத இடத்தில் சுவரேறினோம்.

குடும்பத் தலைவன் தன் குடும்பத்திற்குப் பொறுப்பாளி, அவன் மறுமையில் விசாரிக்கப்படுவான் என்ற நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மை. அப்பொறுப்பே கதவு போடச் சொல்கிறது. மேய்ப்பன் வேலி கட்டுகிறான். ஆடுகளை உள்ளே சேர்க்கிறான். கதவு போடுவது தீமை உள்ளே வராமல் காப்பது. பதிவேட்டைப் படிப்பதோ உள்ளே இருப்பவரின் மனத்தைச் சுவரேறிப் பார்ப்பது. முன்னதற்குப் பொறுப்பாளியின் கடமை ஆதாரமாகிறது; பின்னதற்கு அது ஆதாரமாகாது என்பதே நம் கருத்து. விவரம் அறியாத சிறு குழந்தைக்குக் கைப்பேசி தருவதென்றால் பெற்றோர் அருகில் அமர்ந்து பார்க்கட்டும். அது ஒளிந்து பார்ப்பதாகாது. வளர்ந்த பிள்ளையிடம் ஐயத்திற்குத் தக்க அடையாளம் கண்ணில் பட்டால் நேருக்கு நேர், தனிமையில், அன்போடு கேளுங்கள்.

வயது வந்த மகள், மனைவி, வயதான தாய்தந்தையர் ஆகியோரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் தன் உடல்நலம் பற்றிய ஐயத்தைத் தேடியிருக்கலாம். ஒருவர் தன் கவலையை எவரிடமும் சொல்ல இயலாமல் மருத்துவரைத் தேடியிருக்கலாம். அவையெல்லாம் அந்தப் பதிவேட்டில் கிடக்கும். வெளியார் நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று கதவடைத்துவிட்டு அதே வேலையை நாம் வீட்டுக்குள் தொடங்கினால், எக்ஸ்-மோடுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே நம் வீட்டில் செய்ததையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறோம். பதிவேடு இல்லாமலும் காவல் முழுமையாக இயங்கும். அட்கார்ட் ஹோமில் பதிவேட்டை அறவே நிறுத்திவிடலாம். அல்லது சில மணி நேரத்தில் அழியச் செய்து, கருவியின் அடையாளத்தையும் மறைக்கலாம். பை-ஹோலில் அந்தரங்கத்திற்கென 4 நிலைகள் உள்ளன. யாவற்றையும் காட்டுவதில் தொடங்கி, எதையும் காட்டாத நிலை வரை செல்லும். ஏதேனும் ஒரு தளம் திறக்காதபோது பழுதுபார்க்க மட்டும், வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பதிவைத் திறக்கலாம். நிறுவுமுன் குடும்பத்தோடு மஷூரா செய்யுங்கள். எதைத் தடுக்கிறோம், ஏன் தடுக்கிறோம் என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும். கடவுச்சொல் தந்தையிடம் மட்டும் இராமல் தாயிடமும் இருக்கட்டும். நம் வீட்டில் பதிவேட்டை நிறுத்தும் பொத்தானை மகனே அழுத்தினான்.

பிறர் உழைப்பின் உரிமை

வேறொரு கேள்வியும் உண்டு. விளம்பர வருவாயை நம்பி எழுதுவோர் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு விளம்பரத்தைத் தடுப்பது உரிமை பறிப்பாகாதா? கடைக்குள் நுழைந்தவர் அங்கு மாட்டியிருக்கும் பலகை அனைத்தையும் படித்தே ஆக வேண்டும் என்று எந்த ஒப்பந்தமும் இல்லை. நம்மைப் பின்தொடர நாம் மனமுவந்து இசைந்ததுமில்லை. ஆகவே தடுப்பது அநீதி என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒருவரின் உழைப்பால் தொடர்ந்து பயன்பெறுபவர் அவருக்கு எதையுமே தராமலிருப்பது முஃமினின் பண்பன்று. நாள்தோறும் படிக்கும் தமிழ்த் தளம் கண்ணியமான விளம்பரங்களை மட்டும் வெளியிடுகிறதென்றால் அதை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். சந்தா இருந்தால் கட்டுங்கள். நம் வீட்டில் அந்தத் தொழுகை நேரச் செயலியை நீக்கிவிட்டோம். இப்போது பள்ளிவாசல் வெளியிடும் நேர அட்டை சமையலறைச் சுவரில் தொங்குகிறது.

ஜமாஅத்துகளில் கணினி கற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். கணவன் வெளிநாட்டில் இருக்கும் இல்லங்களுக்கும், தொழில்நுட்பம் அறியாத முதியவர்களின் இல்லங்களுக்கும் இதை நிறுவித் தருவது நல்லதொரு சேவையாக அமையும். அவ்வாறு செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பிறர் வீட்டின் பதிவேட்டைத் திறக்கும் வழி அவர்கள் கையில் வருகிறது. அது அமானிதம். பதிவை நிறுத்தி, கடவுச்சொல்லை வீட்டாரிடமே மாற்றச் சொல்லிவிட்டு வெளியேறுவதே அந்த அமானிதத்தைப் பேணுவதாகும்.

முடிவாக, எவ்வளவு வலிய கதவும் வீட்டு வாசல் வரைதான் காக்கும். பிள்ளைகள் வெளியே செல்வார்கள். மொபைல் டேட்டாவைத் திறப்பார்கள். நாளை வெளியூரில் தங்கிப் படிப்பார்கள். அங்கெல்லாம் உடன் செல்வது அல்லாஹ் பார்க்கிறான் என்ற உணர்வு ஒன்றே. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், கடுகளவு செயல் பாறைக்குள் மறைந்திருந்தாலும் இறைவன் அதை வெளிக்கொணர்வான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உபதேசத்தை “என் அருமை மகனே” என்று பொருள்படும் அன்பு விளிப்போடு தொடங்கினார்கள். பிள்ளையின் செயலைத் தாம் பின்தொடர்ந்து எழுதிவைப்பதாக அவர்கள் அச்சுறுத்தவில்லை.

நம் மகன் இப்போது மீண்டும் நம்மோடு ஒரே ஸஹனில் அமர்ந்து உண்கிறான். பழைய மடிக்கணினி கூடத்தின் மூலையில் எதையும் எழுதிவைக்காமல் தன் காவலைச் செய்துகொண்டிருக்கிறது. நம் இல்லங்களைத் தீமைகளிலிருந்தும், நம் உள்ளங்களைத் தீய ஊகங்களிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.